கிளட்ச் மாற்றச் சொன்னால் முதலில் என்ன கேட்பது?



வாகனப் பராமரிப்பைப் பற்றிய கருத்தரங்கு என்றதும், கிளட்ச் என்ற தலைப்பை நான்தான் கேட்டு வாங்கிக் கொண்டேன். "இந்தக் காலத்தில் யார் மேனுவல் ஓட்டுகிறார்கள்? எல்லாரும் ஆட்டோவுக்குப் போய்விட்டார்களே" என்று ஒப்பனை அறையில் நண்பர் ஒருவர் கேலி செய்தார். புதிய கார் வாங்குகிறவர்களை மட்டும் கணக்கில் எடுத்தால் அவர் சொல்வது சரிதான். ஆனால் 1994-இல் வெளிவந்து 2009-இல் தயாரிப்பு நின்றுபோன கஞ்சில் இன்னமும் நம் தாமான்களில் ஓடுகிறது. பழைய சாகா, வீரா, கெலிசா எல்லாம் ஓடுகின்றன. விடியற்காலையில் நாசி லெமாக் ஏற்றிப் போகும் அக்காவும், முதல் வேலைக்குச் சேர்ந்த தம்பியும் பெரும்பாலும் வைத்திருப்பது கைமாறி வந்த மேனுவல் கார்தான். அந்த வீடுகளில் கிளட்ச் செலவு என்பது ஒரு மாத மளிகைக் கணக்கையே புரட்டிப் போட்டுவிடும்.

நான் ஸ்பேனர் பிடித்தவள் அல்ல. கேள்வி கேட்பது என் தொழில். போர்மேனிடம் போகும்போதும் அதே தொழில் கைகொடுக்கிறது. சரியான கேள்வி கேட்க வேண்டுமானால் உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும்.

எஞ்சின் சுற்றிக் கொண்டிருக்கிறது, சக்கரம் நிற்கிறது. இரண்டையும் திடீரென்று இணைத்தால் எஞ்சின் செத்துவிடும். மெல்ல நகரும் பேருந்தில் ஏறுகிறவர் கம்பியைப் பிடித்தபடி கூடவே நாலு எட்டு ஓடி வேகத்தைச் சமப்படுத்திக் கொள்கிறார் அல்லவா? அந்த நாலு எட்டுதான் கிளட்சின் வேலை. எஞ்சினோடு சேர்ந்து சுற்றுவது பிளைவீல் என்ற கனமான இரும்புச் சக்கரம். அதற்கும் பிரெஷர் பிளேட்டுக்கும் நடுவே, இரண்டு பக்கமும் உராய்வுப் பொருள் ஒட்டிய கிளட்ச் தகடு இருக்கிறது. பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் என்ற வளையம் பிரெஷர் பிளேட்டின் ஸ்பிரிங்கைத் தள்ளும், தகடு விடுபடும். காலை எடுத்தால் தகடு மீண்டும் இறுக்கிப் பிடிக்கப்படும். முழுதாக மிதித்திருக்கும்போது தகடு தேய்வதில்லை. முழுதாக விட்டிருக்கும்போதும் தேய்வதில்லை. பாதியில் வழுக்கிக் கொண்டிருக்கும் நேரத்தில்தான் தேய்கிறது.

அந்தப் 'பாதி'யை நமக்கு யார் கற்றுக் கொடுத்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஓட்டுநர் பள்ளியில் மேட்டில் ஏற்றிக் காட்டும் பரீட்சை இருக்கிறது. மஞ்சள் கோட்டில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி கிளப்ப வேண்டும். "பாதி கிளட்சில் பிடி, விடாதே" என்று பயிற்சியாளர் சொல்லித் தருவார். பரீட்சைக்கு அது சரி. தேர்ச்சி பெற்ற பிறகும் பலர் அதையே வழக்கமாக்கிக் கொள்கிறார்கள். கெந்திங் மலைப் பாதையில் விடுமுறை நாளில் வரிசை நகராமல் நிற்கும்போது கவனியுங்கள். கைப்பிரேக்கைத் தொடாமல், எண்ணெயும் கிளட்சும் சேர்த்து மிதித்து, காரை அந்தரத்தில் நிறுத்தி வைத்திருப்பார்கள். சில நிமிடத்தில் கருகல் வாடை வரும். அது உங்கள் தகடு எரியும் வாடை. மேட்டில் கைப்பிரேக்கில் நிறுத்துங்கள். கிளம்பும்போது கிளட்ச் பிடிக்கத் தொடங்கியதும் கைப்பிரேக்கை விடுங்கள்.

கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில், முன்னே இருக்கும் கார் இரண்டடி நகர்ந்தால் நாமும் இரண்டடி நகர்கிறோம். கொஞ்சம் இடைவெளி விட்டு, முதல் கியரில் கிளட்சை முழுதாக விட்டு ஊர்ந்து போகும் அளவுக்கு இடம் கிடைத்த பின் நகர்ந்தால் போதும். இடையில் யாராவது நுழைவார்கள்தான், நுழைந்துவிட்டுப் போகட்டும். சமிக்ஞை விளக்கில் நியூட்ரலுக்குப் போட்டுக் காலை எடுத்துவிடுங்கள். ஓட்டும்போது பெடல்மேல் காலை ஓய்வாக வைக்காதீர்கள். செருப்பின் பாரம்கூட ரிலீஸ் பேரிங்கை உரச வைக்கப் போதும்.

இனி கோளாறு வந்த பிறகு என்ன செய்வது என்று பார்ப்போம். பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான்.

என் சித்திக்கு ஒரு பழைய கஞ்சில். சில ஆண்டுகளுக்கு முன் கியர் விழ மறுத்தது. ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று சத்தம். பட்டறையில் பெடலை இரண்டு தடவை மிதித்துப் பார்த்துவிட்டு, "காடி கிளட்ச் அபிஸ் அக்கா, கியர்பாக்ஸ் இறக்கணும்" என்று சொல்லிவிட்டார்கள். சித்தி சரி என்று சொல்லும் நிலையில்தான் இருந்தார். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் பழைய லோரி ஓட்டுநர். அவர் பானெட்டைத் திறந்து பார்த்தபோது கிளட்ச் கேபிளின் இழைகள் பாதி அறுந்து நீண்டு போயிருந்தன. கேபிளை மட்டும் மாற்றினார்கள், கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. பட்டறைக்காரர் ஏமாற்றினாரா, அவசரத்தில் தப்பாகச் சொன்னாரா, எனக்குத் தெரியாது. இரண்டில் எதுவானாலும் பணம் போவது சித்திக்குத்தான்.

ஆகவே அறிகுறிகளைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக் கொள்ளுங்கள். கியர் விழ மறுத்தால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை என்று பொருள். கேபிள் உள்ள காரில் முதலில் கேபிளைப் பார்க்க வேண்டும். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் கிளட்ச் என்றால், மேலும் கீழும் உள்ள பம்புகளில் கசிவு இருக்கிறதா, பெடலுக்கு அடியில் தரைவிரிப்பு ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள். இதற்கு ஊற்றுவதும் பிரேக் எண்ணெய்தான். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும், நம் நாட்டு ஈரத்தைக் கேட்கவே வேண்டாம். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது.

எஞ்சின் உறுமுகிறது, கார் வேகம் எடுக்கவில்லை என்றால் அது வழுக்கல். அப்போதும் உடனே தகடுதான் காரணம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தகடு தேயத் தேய கேபிளில் இருக்க வேண்டிய தளர்வு குறையும். தளர்வே இல்லாமல் போனால் நீங்கள் மிதிக்காமலேயே கிளட்ச் பாதி விடுபட்டு வழுக்கும். பெடலைக் கையால் அழுத்திப் பாருங்கள், கனம் தெரியும் முன் சற்றே இலேசாக இறங்க வேண்டும். எவ்வளவு என்பது கையேட்டில் இருக்கும். தளர்வைச் சரி செய்தும் வழுக்கினால் தகடு முடிந்துவிட்டது. பெடலை மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். நியூட்ரலில் காலை எடுத்திருக்கும்போது சத்தம் வந்து, மிதித்தால் நிற்கிறது என்றால் கோளாறு கியர்பாக்ஸ் பேரிங்கில் இருக்கக்கூடும். கிளட்ச் மாற்றினால் அது போகாது.

உண்மையிலேயே மாற்றும் நிலை வந்துவிட்டதா? அப்படியானால் சிக்கனத்தை வேறு இடத்தில் பாருங்கள். இந்த வேலையில் பெரும் உழைப்பு கியர்பாக்சை இறக்கி ஏற்றுவதுதான். "தகடு மட்டும் போடுங்கள், மற்றது நன்றாக இருக்கிறது" என்று மிச்சம் பிடித்தால், ஆறு மாதத்தில் பழைய பேரிங் கத்தத் தொடங்கும். அதே கூலியை மறுபடி கொடுக்க வேண்டும். தகடு, பிரெஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒரே செட்டாக வாங்குங்கள். எக்ஸிடி, ஐசின் ஜப்பானிய நிறுவனங்கள்; வலியோ பிரான்சு; சாக்ஸ் ஜெர்மனி. பெயர் பெற்ற பெட்டிகளுக்குப் போலிகளும் உண்டு. விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் நம்பாதீர்கள்.

காரின் பெயரைச் சொல்லி வாங்கினால் மட்டும் போதாது. நம் நாட்டில் ஜப்பானிலிருந்து வந்த பழைய எஞ்சினை மாற்றிப் போட்ட கார்கள் ஏராளம். முந்திய உரிமையாளர் செய்தது உங்களுக்குத் தெரியாமலும் இருக்கலாம். பழைய தகட்டைக் கழற்றிப் புதியதன்மேல் வைத்து, விட்டமும் நடுவில் உள்ள பற்களின் எண்ணிக்கையும் ஒன்றா என்று பார்க்கச் சொல்லுங்கள். "பந்தயக் கிளட்ச் போடலாம், நன்றாகப் பிடிக்கும்" என்று ஆசை காட்டுவார்கள். நெரிசலில் தினம் ஓட்டுகிறவருக்கு அது முழங்கால் வலியைத்தான் தரும்.

கழற்றிய பின் பிளைவீலைப் பாருங்கள். நீலம் பாய்ந்த சூட்டுத் தழும்போ பள்ளமோ இருந்தால் கடைசல் பட்டறையில் சீவ வேண்டும். சீவும் அளவைத் தாண்டியிருந்தால் மாற்ற வேண்டும். எஞ்சின் பக்கத்து ஆயில் சீலில் கசிவு இருந்தால் அப்போதே மாற்றுங்கள். எண்ணெய் பட்ட புதுத் தகடு கிளம்பும்போதெல்லாம் உதறும்.

பட்டறைத் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. கழற்றியதும் உள்ளே இருக்கும் கறுப்புத் தூசியைக் காற்றுக் குழாயால் ஊதித் தள்ளாதீர்கள். பழைய தகடுகளில் அஸ்பெஸ்டாஸ் சேர்ப்பது வழக்கமாக இருந்தது. இப்போது கையில் இருக்கும் தகட்டில் அது இல்லை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. நுரையீரலுக்குள் போனால் பல பத்தாண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வரக்கூடியது. ஈரத் துணியால் துடையுங்கள், முகக்கவசம் போடுங்கள். பதினேழு வயதில் வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் இதை யாரும் சொல்வதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

வாடிக்கையாளரே, கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். பொருளின் பெயரும் கூலியும் தனித்தனியாக எழுதிய ரசீது வாங்குங்கள். பொருளோ வேலையோ மோசமாக இருந்து, பேசியும் தீரவில்லை என்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்தது. மனுக் கட்டணம் 5 வெள்ளி. பொதுவாக வழக்கறிஞர் தேவையில்லை. 2019 முதல் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறது. மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். ரசீது இல்லாமல் போனால் உங்கள் வாய்ச்சொல் மட்டும்தான் சாட்சி.

புதுக் கிளட்ச் போட்டு வந்ததும் முதல் சில நூறு கிலோமீட்டர் மென்மையாக ஓட்டுங்கள். புதுத் தகடு பிளைவீலோடு படிந்து வர அந்த அவகாசம் வேண்டும். அந்த வாரமே குடும்பத்தை ஏற்றிக் கொண்டு கேமரன் மலைக்குக் கிளம்பிவிடாதீர்கள், அடுத்த மாதம் போகலாம். அடுத்து டயரைப் பற்றிப் பேச நண்பர் காத்திருக்கிறார்.