பத்து வெள்ளித் தீர்மானம்

சிரம்பான் வட்டாரத் தோட்டங்களில் பிறந்தவர்களுக்குத் 'துண்டாடல்' என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. 1957இல் மலாயா விடுதலை பெற்ற காலத்தையொட்டி, வெள்ளைக்கார முதலாளிகள் பலர் ரப்பர் தோட்டங்களை விற்றனர். வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்றனர். வேலை போனால் லயத்து வீடும் போகும். தலைமுறையாகப் பால் வெட்டியவனுக்கு நிற்க இடமில்லை.

துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பங்கு நூறு வெள்ளி. மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். அமைச்சராக இருந்தவர், தோட்டம் தோட்டமாகச் சென்று கேட்டார். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது.

தலைவரின் பெருமையைப் பலரும் பேசியாயிற்று. எனக்கு வியப்பெல்லாம் பத்து வெள்ளியை எடுத்துக் கொடுத்தவர்களைப் பற்றித்தான். மளிகைக்கடைப் பாக்கி ஒரு பக்கம், பிள்ளைகளின் பள்ளிச் செலவு ஒரு பக்கம். அதற்கு நடுவே, கண்ணில் காணாத தோட்டத்துக்குப் பணம் கட்டினார்களே!

கூட்டுறவில் பங்கு கூடினாலும் குறைந்தாலும் ஆளுக்கு ஓர் ஓட்டுத்தான். கூட்டத்துக்குச் சாப்பாட்டுக்கு மட்டும் போய்வருகிறவர் அதை இழக்கிறார். உங்கள் தகப்பனாரின் பங்குப் பத்திரம் தகரப் பெட்டியில் கிடக்கிறதா? எடுத்துப் பாருங்கள். வாரிசுப் பெயர் பதிந்திருக்கிறதா என்று சங்கத்தில் விசாரியுங்கள். அடுத்த கூட்டத்தில் வரவு செலவுக் கணக்கைப் புரட்டிப் பார்த்து, எழுந்து நின்று கேளுங்கள்.