தீப்பொறிக்கும் ஒரு நேரம் உண்டு
(உந்துப் பட்டறைத் தொழிலாளர் நடுவே ஆற்றிய உரை)

 

பழைய உந்து ஒன்று மேட்டில் ஏறத் திணறுகிறது. கன்னெய்யை, அதாவது பெட்ரோலை, அளவின்றிக் குடிக்கிறது. நீர் கொதிக்கிறது. உடையவர் அதைப் பட்டறைக்குக் கொண்டுவருகிறார். "எந்திரம் தேய்ந்துவிட்டது, பிரித்து உருளைகளைக் குடைந்தாக வேண்டும்" என்று விடை வருகிறது. வாடகை உந்து ஓட்டிக் குடும்பம் காப்பவர்க்கு அச்செலவு பல திங்கள் வருவாய். ஆனால் கேடு எந்திரத்தில் இல்லாமல், உள்ளங்கையிற் பாதியளவே உள்ள ஒரு ரப்பர்ச் சவ்வில் இருந்திருக்கலாம். அதைக் கண்டறிவது எப்படி? அதுவே இவ்வுரையின் பொருள்.

உருளைக்குள் கன்னெய்யும் காற்றும் கலந்த கலவையைத் தீப்பொறி பற்றவைக்கிறது. பற்றிய நெருப்பு ஒரே இமைப்பில் எங்கும் பரவிவிடுவதில்லை. அது பரவ ஏறத்தாழ ஒரு நொடியின் ஆயிரத்தில் இரண்டு பங்கு ஆகிறது என்று கொள்வோம். உந்துதண்டு, அதாவது பிசுட்டன், உச்சியைத் தொட்டுக் கீழிறங்கத் தொடங்கும்போது அழுத்தம் மிகுந்திருந்தால்தான் அது வலுவாகத் தள்ளப்படும். எனவே உந்துதண்டு உச்சியை அடையுமுன்பே தீப்பொறி எழ வேண்டும். இதனை முந்துகை என்போம். பட்டறையில் 'அட்வான்சு' என்பது இதுவே.

எவ்வளவு முந்த வேண்டும்? எந்திரம் மணித்துளிக்கு 800 சுற்றுச் சுற்றும்போது ஒரு சுற்றுக்கு நொடியின் ஆயிரத்தில் 75 பங்கு ஆகிறது. நாம் கொண்ட எரிநேரத்தில் வணரித்தண்டு ஏறத்தாழ 10 பாகை திரும்பும். 3000 சுற்றில் அதே நேரத்தில் 36 பாகை திரும்பிவிடும். விரைவு மிகும்போது உருளைக்குள் கலவை சுழன்று கலங்குவதால் நெருப்பும் சற்று விரைந்து பரவுகிறது. ஆதலால் தேவை இக்கணக்கிலும் சற்றுக் குறையும். எனினும் விரைவுக்கேற்ப முந்துகையும் வளர வேண்டும் என்பது தெளிவு.

1908 முதல் 1927 வரை வெளிவந்த போர்டு 'டி' வகை உந்தில் இவ்வேலை ஓட்டுநரின் கையில் இருந்தது. திசைவட்டின் இடப்புறத்து நெம்புகோல் தீப்பொறி நேரத்தை மாற்றும். அதைப் பிந்தவைக்க மறந்து முன்புறக் கைச்சுழற்றியைச் சுற்றினால், எந்திரம் எதிர்த்து உதைக்கும், மணிக்கட்டு முறியும். பின்வந்த பகிர்வி, அதாவது 'டிசுட்ரிபியூட்டர்', அந்த வேலையைத் தானே செய்யக் கற்றுக்கொண்டது.

நம் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய அம்பாசிடரை எடுத்துக்கொள்வோம். மேற்கு வங்கத்து உத்தரபாராவில் அதன் ஆக்கம் 2014-இல் நின்றுபோனது. இன்றும் ஆங்காங்கே ஓடிக்கொண்டிருக்கிறது. பல்லாண்டுகள் அதிலிருந்த 1489 சி.சி. எந்திரம் மோரிசு ஆக்சுபோர்டு வழிவந்தது. அதன் உருளைகள் 1, 3, 4, 2 என்னும் முறையில் எரியும். இத்தகைய எந்திரத்தில் முந்துகை மூன்று கூறுகளின் கூட்டுத்தொகை. பகிர்வியின் உடலை நாம் திருப்பி நிறுத்தும் அளவு, அடி முந்துகை. அதனுள் சுழலும் இரண்டு எடைகள், விரைவு மிகும்போது வில்களை இழுத்துக்கொண்டு வெளியே விரிந்து தருவது விரைவு முந்துகை. மூன்றாவது, வெற்றிட முந்துகை.

இம்மூன்றாவதே பலரும் மறந்துவிடுவது. முடுக்கியை இலேசாக மிதித்துச் சீராக ஓட்டும்போது உருளைக்குள் குறைந்த கலவையே புகுகிறது. நெருக்கம் குறைந்த கலவை மெல்ல எரிகிறது. எனவே இன்னும் முன்னதாகப் பற்றவைக்க வேண்டும். அவ்வேளையில் கார்புரேட்டரின் காற்றுவாயில் உண்டாகும் உறிஞ்சலை மெல்லிய குழாயொன்று பகிர்வியின் பக்கத்துச் சிமிழுக்குக் கொண்டுசெல்கிறது. சிமிழுக்குள் இருக்கும் சவ்வு இழுபட்டு, தொடுமுனைகள் அமர்ந்த தட்டைத் திருப்புகிறது. முடுக்கியை முழுதும் மிதித்தால் உறிஞ்சல் குறையும், தட்டு பின்வாங்கும்.

இனிக் கேட்டின் கதைக்கு வருவோம். ஓர் எடுத்துக்காட்டு: அடி 6, விரைவால் 20, வெற்றிடத்தால் 12, ஆக 38 பாகை. சவ்வு கிழிந்தால் சமவெளி ஓட்டத்தில் 26 பாகையே எஞ்சும். கன்னெய்ச் செலவு கூடும், எந்திரம் சோம்பும். பழுது பார்ப்பவர் சவ்வைப் பாராமல் பகிர்வியின் உடலைத் திருப்பி அடி முந்துகையைக் கூட்டுகிறார். சமவெளியில் நலமாகத் தோன்றும். மேட்டில் முழு மிதியில், வேண்டாத முந்துகை சேர்ந்து 'டக் டக்' என்று இடிப்பொலி எழும். அது உந்துதண்டையே உடைக்க வல்லது. அஞ்சி மறுபக்கம் திருப்பினால், எரிதல் பிந்தி, வெப்பம் புகைவாய் வழியே வீணாகி, நீர் கொதிக்கும். ஒரு கேட்டை மறைக்க மற்றொரு கேட்டைச் செய்கிறோம்! கடைசியில் பழி எந்திரத்தின்மேல் விழுகிறது.

எனவே, தோழர்களே, திருப்புமுன் அளந்து பாருங்கள். அதற்கும் ஒரு வரிசை உண்டு.

முதலில் தொடுமுனை, அதாவது 'பாயிண்ட்டு'. லூக்காசு வகைப் பகிர்விகளில் இடைவெளி பொதுவாக 0.35 முதல் 0.40 மி.மீ. தொடுமுனையின் குதிகால் தேய்ந்து இடைவெளி சுருங்கினால் தீப்பொறி பிந்தும். இடைவெளி அகன்றால் முந்தும். எனவே இதைச் சீராக்காமல் நேரம் பார்ப்பது வீண்வேலை. அச்சைப் பக்கவாட்டில் அசைத்தும் பாருங்கள். ஆட்டம் இருந்தால் எந்த அளவும் நிலைக்காது.

இரண்டாவது, அடி முந்துகை. வெற்றிடக் குழாயைக் கழற்றி, கார்புரேட்டர்ப் பக்கத்துத் துளையை அடைத்துவிட்டு, மெதுவோட்டத்தில் நேரவிளக்கின் ஒளியிற் குறியைப் பாருங்கள். விசிறியிலிருந்து கையும் உடையும் விலகியிருக்கட்டும். விளக்கு இல்லையேல், எந்திரத்தை நிறுத்தி, முதல் உருளை எரியும் நிலையில் வணரியின் குறியை உரிய இடத்தில் வைத்து, பகிர்வியின் மின்முனைக்கும் உந்தின் உடலுக்கும் இடையே ஒரு சிறு மின்குமிழை இணையுங்கள். திறவுகோலைத் திருப்பியபின், தொடுமுனை பிரியும் அந்நொடியில் குமிழ் ஒளிரும். உரிய பாகை அந்தந்த உந்தின் கையேட்டில் இருக்கும்.

மூன்றாவது, குழாயை மாட்டாமலே எந்திரத்தை மெல்ல 2500 சுற்றுவரை உயர்த்துங்கள். குறி சீராக முன்னேறி, விரைவு தணிந்ததும் பழைய இடத்திற்குத் திரும்ப வேண்டும். அசையாவிட்டால் எடைகள் துருவேறி இறுகியுள்ளன. திரும்பாவிட்டால் வில் தளர்ந்தது அல்லது அறுந்தது.

நான்காவது, குழாயை மாட்டி 2000 சுற்றளவில் பாருங்கள். குறி இன்னும் முன்னே தாவ வேண்டும். தாவவில்லையா? குழாயின் கார்புரேட்டர் முனையைக் கழற்றித் துடைத்து, வாயால் உறிஞ்சி, நாவால் அடையுங்கள். தட்டு நகர்ந்து அப்படியே நின்றால் சவ்வும் குழாயும் நலம். கார்புரேட்டரின் துளை அடைபட்டிருக்கும். காற்று தடையின்றி வந்தால் சவ்வு கிழிந்தது, அல்லது குழாய் வெடித்தது. உறிஞ்சல் நின்றும் தட்டு நகரவில்லையேல் தட்டு இறுகியது.

ஏமாற்றும் கேடு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தட்டையும் பகிர்வியின் உடலையும் இணைக்கும் மெல்லிய பின்னற்கம்பி உள்ளே அறுந்திருக்கும். வெளிப்பார்வைக்கு முழுமையாகத் தோன்றும். நின்ற நிலையில் எந்திரம் சீராக ஓடும். சாலையில் தட்டு திரும்பும்போதெல்லாம் தீப்பொறி தவறும். கார்புரேட்டரைப் பத்து முறை கழுவினாலும் இது தீராது.

கையேட்டின் அளவு அக்காலத்துக் கன்னெய்க்கு வகுத்தது என்பதையும் மறவாதீர்கள். ஈயம் கலந்த கன்னெய் நம் நாட்டில் 2000-இல் நின்றது; இன்று எரிசாராயம் கலந்தே விற்கிறார்கள். எனவே எல்லாம் சீரானபின் மேட்டில் ஓட்டிப் பார்த்து, இடிப்பொலி நீடித்தால் ஒன்றிரண்டு பாகை பிந்தவையுங்கள். இந்தத் திருத்தம் கடைசியில்தான் வர வேண்டும், முதலில் அன்று.

அன்புத் தோழர்களே! ஓர் உந்தின் உடையவர் தம் பிழைப்பையே நம்மிடம் நம்பி விடுகிறார். ஒரு சவ்வின் விலையில் முடியும் வேலைக்கு எந்திரத்தைப் பிரிப்பது அந்நம்பிக்கைக்குச் செய்யும் கேடு. மணித்துளி முப்பது செலவிட்டு வரிசையாக அளந்தால் உண்மை தானே வெளிப்படும். கைத்திறனுக்கு முன் கருத்துத் திறன் செல்லட்டும்.