குப்பியோடு வரும் தாள்: பகுப்பாய்வுச் சான்றிதழை வாசிப்பது எப்படி?

(நூற்றாண்டு விழாவையொட்டிக் கஹவத்தையில் நடந்த பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



பாடசாலையின் பழைய கதைகளைச் சொல்ல இந்த மேடையில் பலர் இருக்கிறார்கள். விஞ்ஞானப் பிரிவில் படித்த எங்களிடம் சங்கம் கேட்டது வேறொன்று. கொழும்பிலும் லண்டனிலும் டொரொன்டோவிலும் இருக்கும் நம்மவர் சிலர், முகம் வெளுக்கவும் உடம்பு மெலியவும் இணையத்தில் ஊசிமருந்துக் குப்பிகளை வாங்குகிறார்கள். ஊரில் கலியாணத்துக்கு இருக்கும் தங்கைக்கும் அனுப்பி வைக்கிறார்கள். பயமில்லையா என்று கேட்டால், "சான்றிதழ் இருக்கிறது, 99 வீதம் சுத்தம்" என்கிறார்கள். அந்தத் தாளில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதை இன்று பார்ப்போம்.

இந்தக் குப்பிகளில் பெரும்பாலும் இருப்பவை பெப்தைட்டுகள். அமினோ அமிலங்கள் சங்கிலியாகக் கோத்தவை என்று உயர்தரத்தில் படித்தோம். நம் அம்மாமார் நீரிழிவுக்குப் போடும் இன்சுலினும் பெப்தைட்டே. முகம் வெளுக்கவென்று விற்கும் குளூட்டாதையோன் மூன்றே அமினோ அமிலங்களால் ஆனது. உடம்பு மெலிய விற்கும் செமகுளூட்டைட்டும் இந்த இனமே. ஆகவே பெப்தைட்டு என்ற பெயரில் பயமில்லை. அதை யார், எதற்காக, எந்தத் தரத்தில் செய்தார்கள் என்பதே கேள்வி.

இரத்தினபுரி மாவட்டத்தில் பிறந்த நமக்குச் சான்றிதழ் புதிதல்ல. மாணிக்கக்கல்லுக்குச் சான்றிதழ் தரும்போது அதன் நிறை, அளவு, நிறம், சூடு காட்டியதா என்பதெல்லாம் எழுதுவார்கள். கல்லைத் தராசில் வைத்துத் தாளோடு ஒப்பிடலாம். குப்பியில் இருப்பதோ வெள்ளைத் தூள். எல்லா வெள்ளைத் தூளும் கண்ணுக்கு ஒன்றுதான். தாளையும் குப்பியையும் இணைப்பது தொகுதி இலக்கம் ஒன்றே. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது அதுதான். குப்பியில் ஓர் இலக்கம், தாளில் வேறோர் இலக்கம் என்றால் மேலே வாசிக்கத் தேவையில்லை. இலக்கம் பொருந்தினாலும், சோதித்தது அந்தத் தொகுதியிலிருந்து எடுத்த மாதிரியை மட்டுமே. உங்கள் கையிலுள்ள குப்பியை யாரும் திறந்து பார்க்கவில்லை.

அடுத்தது சுத்தம். ஆய்வுகூடத்தில் மைத்துளியை வடிதாளில் ஏறவிட்டு நிறம் பிரித்தோமே, அந்த நிறப்பகுப்பின் வளர்ந்த வடிவந்தான் இங்கே பயன்படுகிறது. தாளில் மலைமுகடு போல ஒரு வரைபு இருக்கும். 99 வீதம் என்றால், கருவி கண்ட பொருள்களில் 99 பங்கு அந்த ஒரு முகட்டில் இருக்கிறது என்று பொருள். தூளிலுள்ள நீரும் செய்முறையில் தங்கிய உப்பும் இந்தக் கணக்கில் வருவதில்லை. அவற்றைக் கழித்து வருவது தேறிய பெப்தைட்டு அளவு. அது 80 வீதம் என்றால் 10 மில்லிகிராம் தூளில் மருந்து 8 மில்லிகிராமுக்கும் சற்றுக் குறைவு. அந்த வரி தாளில் இல்லாவிட்டால், ஊசியில் ஏறும் அளவு வெறும் ஊகமே.

அந்த முகடு எந்தப் பொருளுடையது என்பதைத் திணிவு நிறமாலை சொல்லும். செமகுளூட்டைட்டின் மூலக்கூற்றுத் திணிவு ஏறத்தாழ 4114. தாளில் அதற்குப் பொருந்தாத எண் இருந்தால், 99 வீதம் சுத்தமாக இருப்பது வேறெதுவோ.

இனி மிக முக்கியமான பகுதி: எண்டொடொக்சின். சில பற்றீரியாக்களின் சுவரிலிருந்து வரும் நஞ்சு இது. பற்றீரியா செத்தாலும் நஞ்சு இருக்கும். சாதாரணமாகக் கொதிக்க வைத்தாலும் போகாது. வாயால் உட்கொள்ளும் பொருளில் பெரிதாகப் பொருட்படுத்தாத அளவு, இரத்தத்தில் ஏறினால் காய்ச்சலும் நடுக்கமும் தரும், இரத்த அழுத்தத்தைக் கீழே தள்ளும்.

2019இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது இதைப் பற்றித்தான். உணவுச் சேர்க்கைக்கென விற்ற குளூட்டாதையோனை வாங்கி ஊசிமருந்தாகக் கலந்திருந்தார்கள். அதை ஏற்றிக்கொண்ட ஏழு பேருக்குக் குமட்டல், வாந்தி, உடல் வலி, குளிர் நடுக்கம். சோதித்தபோது எண்டொடொக்சின் அளவுக்கு மேல் இருந்தது. தூளில் இருந்தது குளூட்டாதையோன்தான், பொய்யில்லை. ஆனால் அது ஊசிக்கென்று செய்த தூளல்ல.

ஆராய்ச்சிக்கு மட்டும் என்று குப்பியில் எழுதியிருப்பதையும் இப்படியே வாசிக்க வேண்டும். சோதனைக் குழாயில் கலங்களோடு வேலை செய்யும் ஆய்வாளருக்கு அந்தச் சான்றிதழ் போதும். அவருடைய கேள்விக்கு அது பதில் சொல்கிறது. கிருமியற்றதா, எண்டொடொக்சின் எவ்வளவு என்பவை நம் கேள்விகள். அவற்றைப் பல தாள்கள் தொடுவதேயில்லை. தொட்டிருந்தாலும் அது மனிதருக்கான மருந்தாகிவிடாது.

தாளே பொய்யாக இருப்பதும் உண்டு. உறையையும் பெயரையும் அச்சுப்பிசகாமல் போலி செய்கிறார்கள். பிரேசில், பிரித்தானியா, அமெரிக்கா ஆகிய நாடுகளில் பிடிபட்ட போலி செமகுளூட்டைட்டு பற்றி உலக சுகாதார நிறுவனம் 2024 யூனில் எச்சரித்தது. இப்படியான போலிகளில் சொல்லாமல் இன்சுலின் கலந்திருக்கலாம் என்றும் அது சொன்னது. நீரிழிவு இல்லாதவர் உடம்பில் இன்சுலின் ஏறினால் சீனி இறங்கி மயக்கம் வரும், உயிருக்கும் ஆபத்து. ஆகவே சோதித்தது விற்பவரா, வேறு ஆய்வுகூடமா என்று பாருங்கள். வேறு ஆய்வுகூடம் என்றால், தாளிலுள்ள தொலைபேசி எண்ணை நம்பாமல், அதன் முகவரியை நீங்களே தேடி, அறிக்கை இலக்கத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

வெளிநாட்டிலுள்ள அக்காமாருக்கு ஒரு வேண்டுகோள். இப்படியான குப்பிகளை ஊருக்கு அனுப்பாதீர்கள். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி, இலங்கையில் மருந்துகளைப் பதிவு செய்வது தேசிய ஔடத ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை. உடம்பு மெலியவோ சீனியைக் கட்டுப்படுத்தவோ மருந்து தேவையென்றால், வைத்தியர் எழுதித் தரட்டும், பதிவுபெற்ற மருந்தகத்தில் வாங்குவோம். ஏற்கெனவே ஊசி போட்டுக்கொண்ட தங்கை இருந்தால் அவளை ஏசாதீர்கள். குப்பியையும் தாளையும் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் கூட்டிப் போங்கள். என்ன ஏறியது என்பதை அறிய அந்தத் தொகுதி இலக்கம் அவருக்கு உதவும்.

முகம் வெளுக்கவென்று ஊசி தேடும் தங்கைக்குச் சொல்ல இன்னொன்றும் உண்டு. கொழுந்து மலையில் வெயிலில் நின்ற தாய்மார் தந்த நிறம் இது. இந்தப் பாடசாலையில் நூறு ஆண்டுகளாகப் படித்து மேலே வந்தவர்கள் அந்த நிறத்தோடுதான் வந்தார்கள்.