பிஸ்கட் டப்பாவில் இருந்த நெகட்டிவ்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம்ம குழுக்களின் பழைய போட்டோக்களைத் திரட்டி ஆல்பம் போடும் பொறுப்பை எங்கள் குழுவிடம் கொடுத்தீர்கள். ஒரு வாரத்து வேலைதானே என்று நினைத்தோம். மூணு மாசம் ஆகிவிட்டது.

1999-ல் குழு தொடங்கிய அன்று ஸ்டுடியோக்காரர் பிலிம் கேமராவில் எடுத்தார். பிரிண்டைச் செல் அரித்துவிட்டது. ஆனால் நெகட்டிவ் ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடந்தது. ஓரத்தில் கொஞ்சம் பூஞ்சை, மற்றபடி எல்லா முகமும் தெளிவு. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாலே ஆளைச் சொல்லிவிடலாம். அதுக்கு மெஷினே வேண்டாம்.

2008-ல் டிஜிட்டல் கேமரா வந்தது. ரோல் வாங்க வேண்டாம், 36 படத்தோடு நிறுத்த வேண்டாம், கழுவுற செலவில்லை. நாங்களும் எடுத்துத் தள்ளினோம். சி.டி.யில் ஏற்றி பீரோவில் பூட்டினோம், பத்திரமாம்! இப்போது போட்டால் ஒன்றுகூடத் திறக்கவில்லை. செல்போனில் எடுத்தவை அந்தப் போனோடு போயின.

எங்கள் முதல் செயலாளர் அக்கா 2016-ல் தவறிவிட்டார். அவருடைய மகள், கல்யாண மேடையில் வைக்க அம்மா படம் ஒன்று கேட்டு வந்தாள். இருந்த படமெல்லாம் அந்த சி.டி.யில். அவளிடம் என்ன சொல்வது? நாங்கள் தலைகுனிந்து நின்றோம்.

அதற்காக பிலிம் சாகாவரம் பெற்றது என்று சொல்ல வரவில்லை. கறுப்பு வெள்ளைப் படம் வெள்ளித் துகளால் ஆனது, நல்லா வைத்தால் நூறு வருஷம்கூடத் தாங்கும். கலர் படத்தில் இருப்பது சாயம், அது மெல்ல வெளுக்கும். ஈரமும் சூடும் இரண்டுக்கும் எதிரி. நெகட்டிவில் வினிகர் மாதிரி புளித்த வாடை வந்தால் அது கெட ஆரம்பித்துவிட்டது. உடனே தனியாக எடுத்து வையுங்கள், பக்கத்தில் இருப்பதும் கெட்டுவிடும். 1931-ல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படம் ‘காளிதாஸ்’ பிலிமில் எடுத்ததுதான். இன்று பார்க்க ஒரு பிரதி இல்லை.

இனி பிலிமுக்குத் திரும்புவதும் நமக்குக் கட்டுபடியாகாது. ‘இந்து’ பிலிம் செய்த ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையே மூடிப்போச்சு. ரோல் விலை ஏறிவிட்டது, கழுவித் தருகிற கடை அபூர்வம்.

டிஜிட்டலில் ஒரு நல்லது உண்டு. எத்தனை நகல் எடுத்தாலும் அசல் மாதிரியே இருக்கும், வெளுக்காது. ஆனால் பிலிம் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும். டிஜிட்டல் போனால் மொத்தமாகப் போகும். அதனால் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். மூணு நகல் இருக்கட்டும்: போனில் ஒன்று, பென்டிரைவிலோ ஹார்ட் டிஸ்கிலோ ஒன்று, வேறு ஊரில் இருக்கும் பிள்ளையிடம் ஒன்று. வருஷத்துக்கு ஒரு தரம் திறந்து பாருங்கள். வாட்ஸ்அப்பில் சும்மா அனுப்பினால் படம் சுருங்கிவிடும், ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். முக்கியமான படங்களைப் பிரிண்ட் போட்டு, பின்னால் பென்சிலால் பேரும் வருஷமும் எழுதுங்கள். பழைய படத்தை லேமினேஷன் மட்டும் செய்யாதீர்கள். சூட்டில் ஒட்டினதைப் பிரிக்கவே முடியாது. நாங்களும் ரெண்டு படத்தைக் கெடுத்துவிட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

அந்தப் பொண்ணுக்குப் படம் கிடைத்ததா என்று கேட்பீர்கள். குழுவின் முதல் பாஸ்புக்கில் அக்காவின் பாஸ்போர்ட் சைஸ் படம் ஒட்டியிருந்தது. கன்னத்தில் பாதி வங்கி முத்திரை. அதைத்தான் பெரிதாக்கி மேடையில் வைத்தாள்.

அடுத்த கூட்டத்துக்கு ஸ்கேன் செய்ய ஆள் வருகிறார். வீட்டில் நெகட்டிவ் இருந்தால் ஓரத்தைப் பிடித்து எடுத்து, காகிதக் கவரில் போட்டுக் கொண்டு வாருங்கள்.