சொரியாஸிஸும் பாக்டீரியாவும்
(காக்ஸ் டவுன் கூட்டத்தில் பேசியது)

நான் டாக்டர் இல்லை, பி.எஸ்ஸி. படித்துவிட்டு சர்க்கார் உத்தியோகம் பார்த்தவன். நாற்பது வருஷமாக எனக்கு சொரியாஸிஸ். போன வருஷம் இங்கே ஒரு சீமந்தத்தில் பரிமாறப் போனேன். முழங்கைச் செதிலைப் பார்த்த மாமி ஒருவர், "நீங்க உட்காருங்கோ மாமா" என்று கரண்டியை வாங்கிக்கொண்டார். இது ஒட்டுவாரொட்டி அல்ல.

தோல் செல் உருவாகி உதிர சுமார் ஒரு மாதம் ஆகவேண்டும். இதில் சில நாட்களிலேயே மேலே வந்து குவிகிறது. காரணம், நிலைதவறிய நோய் எதிர்ப்புச் சக்தி.

பாக்டீரியா எங்கே வருகிறது? தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்று வந்து இரண்டு மூன்று வாரம் கழித்து, சில குழந்தைகளுக்கு உடம்பெல்லாம் துளித்துளியாகத் தடிப்பு வரும். ஒட்டுவது தொண்டைக் கிருமி, தடிப்பு அல்ல. சொரியாஸிஸ்காரர்களின் தோலிலும் குடலிலும் வாழும் பாக்டீரியாக்களின் கலவை மாறியிருப்பதையும் கண்டிருக்கிறார்கள். அது காரணமா, விளைவா என்பது இன்னும் தீரவில்லை. ஆகவே மோர் குடித்தால் குணமாகும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். (மோர் நல்லதுதான், நானும் குடிக்கிறேன்.) நம் பெங்களூர் பயோகான் 2013-ல் வெளியிட்ட இடோலிசுமாப் மருந்தும் எதிர்ப்புச் சக்தியின் டி செல்களைத்தான் அடக்குகிறது, கிருமியை அல்ல.

வருகிற ராமநவமிக்குப் பானகம் நான்தான் விநியோகிக்கப் போகிறேன்.