பொட்டலத்துக்கு ஒரு லிட்டர்



மாவடு போடுகிற வீட்டில் ஜாடியை எட்டிப் பார்த்திருப்பீர்கள். வடுவைக் கழுவித் துடைத்து, விளக்கெண்ணெய் தடவி, கல்லுப்பு போட்டுக் குலுக்கி வைப்போம். ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றுவதில்லை. மூன்றாம் நாள் திறந்தால் தண்ணீர் ஊறி நிற்கும். பளபளவென்றிருந்த வடு தோல் சுருங்கிக் கிடக்கும். அந்தத் தண்ணீர் வடுவின் செல்களுக்குள் இருந்ததுதான். செல்லைச் சுற்றியுள்ள சவ்வு தண்ணீரை எளிதில் விடும், உப்பை அப்படி விடாது. எந்தப் பக்கம் உப்பு அதிகமோ, அந்தப் பக்கம் தண்ணீர் போய்விடும். பள்ளிக்கூடத்தில் சவ்வூடு பரவல் என்று படித்தோமே, அது இதுதான்.

இரத்தச் சிவப்பணுவை வெறும் தண்ணீரில் போட்டால் உப்பி வெடிக்கும். கடல்நீரில் போட்டால் வடு மாதிரி சுருங்கும். ஆஸ்பத்திரியில் ஏற்றும் சாதாரண சலைனில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு என்று அளந்து வைத்திருப்பது அதனால்தான்.

இன்று நான் சொல்ல வந்தது, உப்பும் குளுக்கோஸும் கலந்த ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைப் பற்றி. வயிற்றுப்போக்கில் துவண்ட குழந்தைக்கு, ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரே தம்ளரில் கரைத்துக் கொடுத்த தாயைப் பார்த்திருக்கிறேன். கெட்டியாகக் கொடுத்தால் சீக்கிரம் தெம்பு வரும் என்று நினைத்தார். பாசத்தில் செய்ததுதான். ஆனால் அந்தக் கெட்டிக் கரைசல் குழந்தையின் உடம்பிலிருந்தே தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கும். போக்கு இன்னும் கூடும்.

சரியான அளவில் கரைத்தால் அதே கரைசல் உயிர் காக்கும். 1971-ல் மேற்கு வங்கத்தின் பங்காவ் நகரில், அகதிகளிடையே காலரா பரவி சலைன் தீர்ந்துகொண்டிருந்த நேரம். டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் சமையல் சோடாவும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தே ஏராளமான உயிர்களைக் காப்பாற்றினார். குடலில் சோடியமும் குளுக்கோஸும் ஜோடியாக உள்ளே போகும். பின்னாலேயே தண்ணீரும் போகும். 2002-ல் உலக சுகாதார நிறுவனம் ஓ.ஆர்.எஸ். கரைசலை மேலும் நீர்க்கச் செய்தது. லிட்டருக்கு 311 மில்லி ஆஸ்மாலாக இருந்த கரைபொருள் செறிவு 245 ஆனது. நம் இரத்தத்தில் அது சுமார் 290. கரைசல் இரத்தத்தைவிட நீர்த்திருப்பதால் தண்ணீர் உடம்பை நோக்கி நகர்கிறது.

அதனால் பொட்டலத்தின் மேல் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருப்பதை முதலில் படியுங்கள். 200 மில்லிக்கான சின்னப் பொட்டலமும் கடைகளில் உண்டு. லிட்டர் பொட்டலம் என்றால், காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை ஒரு லிட்டர் அளந்து, முழுவதையும் கொட்டிக் கரையுங்கள். ருசிக்காகச் சர்க்கரை சேர்க்காதீர்கள். கரண்டி கரண்டியாகப் புகட்டுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி கொடுங்கள்.