சட்டம் எழுதும் மேஜையில் நம் பிள்ளை எங்கே?

(கள்ளக்குறிச்சியில் இளைஞர்களும் வணிகர்களும் கூடிய அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நம்மைப் பாதிக்கும் சட்டம் ஒன்று வந்தால் நாம் என்ன செய்கிறோம்? ஜும்ஆ முடிந்து வீதியில் நின்று கோஷம் எழுப்புகிறோம். கடையடைக்கிறோம். கலெக்டரிடம் மனுக் கொடுக்கிறோம். பிறகு வக்கீலைத் தேடுகிறோம். இவையெல்லாம் வேண்டியவைதாம். ஆனால் அத்தனையும் சட்டம் வந்த பிறகு நடப்பவை. அந்தச் சட்டத்தின் வாசகத்தை ஒருவர் எழுதினாரே, அன்றைக்கு அந்த மேஜையில் நம்மவர் யார் இருந்தார்?

நாடாளுமன்றத்தில் கை உயர்த்துபவர் உறுப்பினர். அவர் கைக்கு வரும் காகிதத்தை எழுதுபவர்கள் வேறு. நம் அரசியல் சாசனத்துக்கே 1947 அக்டோபரில் முதல் வரைவைத் தயாரித்துக் கொடுத்தவர் பி.என். ராவ் என்ற சட்ட ஆலோசகர். அதை வைத்துக்கொண்டுதான் அம்பேத்கர் தலைமையிலான வரைவுக் குழு வேலை செய்தது. இன்றும் அமைச்சகங்களிலும் சட்ட ஆணையத்திலும் இத்தகைய ஆலோசகர்கள் இருக்கிறார்கள். பழைய சட்டத்தைப் படிப்பது, தீர்ப்புகளை ஒப்பிடுவது, பாதிக்கப்படுவோரைக் கேட்பது, எந்தச் சொல்லைப் போட்டால் என்ன விளையும் என்று எழுதிக் கொடுப்பது, இதுவே அவர்களின் தொழில்.

2018 ஆகஸ்டில் 21ஆவது சட்ட ஆணையம், பொது சிவில் சட்டம் இந்தக் கட்டத்தில் தேவையும் இல்லை, விரும்பத்தக்கதும் இல்லை என்று எழுதியது. 2023 ஜூனில் 22ஆவது ஆணையம் அதே கேள்வியை மறுபடி திறந்தது. நாடு அதே நாடுதான். மேஜையில் இருந்தவர்கள் மாறினார்கள்.

மலை சொல்லும் பாடம்

நம் ஊருக்கு மேற்கே கல்வராயன் மலை நிற்கிறது. 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்த மலை அது. 2024 ஜூனில் கருணாபுரத்தில் விஷச்சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகு, சென்னை உயர் நீதிமன்றம் அம்மலை மக்களின் நிலையைத் தானே முன்வந்து வழக்காக எடுத்தது.

பட்டா இல்லாத அந்த மலையாளிப் பழங்குடிச் சகோதரர், தம் நிலம் தம்முடையது என்று எதைக் காட்டுவார்? 2006 வன உரிமைச் சட்டத்தின் கீழ் 2008இல் வந்த விதிகள் அதற்கு வழி வைத்தன. ஊர்ப் பெரியவர் சொல்லும் வாய்மொழியை எழுத்தில் பதிந்தால் அதுவும் ஒரு சான்று. இந்த வரி தானாக முளைத்ததா? அந்தச் சட்டத்தின் வரைவுப் பணியில் பழங்குடி மக்களோடு பல்லாண்டு வாழ்ந்து பணியாற்றியவர்களும் இடம்பெற்றிருந்தார்கள். காகிதம் இல்லாதவனின் கஷ்டம் அவர்களுக்குத் தெரியும்.

இப்போது நம் விஷயத்துக்கு வாருங்கள். தலைமுறை தலைமுறையாகத் தொழுகை நடக்கும் பள்ளி, ஜனாஸா அடக்கம் நடக்கும் கப்ருஸ்தான், பத்திரம் இல்லாவிட்டாலும் பயன்பாட்டாலேயே வக்ஃபு என்று 1995 சட்டம் ஏற்றிருந்தது. 2025 ஏப்ரலில் வந்த திருத்தச் சட்டம் அதை நீக்கியது. ஏற்கெனவே பதிவானவை தப்பின. அதிலும் தகராறில் உள்ளவைக்கும் அரசு நிலம் எனப்படுபவைக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. 2025 செப்டம்பர் 15இல் உச்ச நீதிமன்றம் சில பிரிவுகளை நிறுத்தி வைத்தது. இந்த நீக்கத்தை நிறுத்தவில்லை.

மலையில் பெரியவரின் வாய்ச்சொல் சான்றாகிறது. ஊரில் நூறாண்டு ஸஜ்தா போதவில்லை. வித்தியாசம் எங்கே பிறந்தது? எழுதிய இடத்தில்!

2024இல் கூட்டுக்குழு கருத்துக் கேட்டபோது லட்சக்கணக்கில் மின்னஞ்சல் அனுப்பினோம். பெரும்பாலும் ஒரே வாசகம். அது நம் உணர்வைக் காட்டியது, சரி. ஆனால் 'இந்தப் பிரிவில் இந்தச் சொல்லுக்குப் பதில் இச்சொல், காரணம் இது, ஆதாரம் இது' என்று எழுதித் தரும் கைகள் நம்மிடம் எத்தனை?

உலமாக்களின் முன்மாதிரி

இது துன்யா வேலை, ஆலிமுக்கு இதில் என்ன என்று கேட்கலாம். கொடுமைக்காரக் கணவனிடமிருந்து விடுபட வழியின்றி, நிகாஹை முறிப்பதற்காகச் சில பெண்கள் மதத்தையே விட்டார்கள். மௌலானா அஷ்ரஃப் அலீ தானவீ (ரஹ்) கண்ணை மூடிக்கொள்ளவில்லை. மதீனாவின் மாலிகி மத்ஹப் முஃப்திகளுக்கு எழுதிக் கேட்டு, அம்மத்ஹபின்படி வழிகண்டு நூல் எழுதினார்கள். அந்த முயற்சியின் தொடர்ச்சியாக வந்ததே 1939 முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம். கணவன் நான்காண்டு காணாமற் போனாலும், ஈராண்டு ஜீவனாம்சம் தராவிட்டாலும் பெண் நீதிமன்றம் செல்ல அது வழி திறந்தது.

ஆனால் முஸ்லிம் நீதிபதியே விசாரிக்க வேண்டும் என்று உலமாக்கள் கேட்ட பிரிவு மன்றத்தில் விழுந்துவிட்டது. இல்மு இருந்தது, கடைசி வரை அந்த வரியைக் காக்கும் பலம் போதவில்லை.

செய்ய வேண்டியது

வணிகப் பெருமக்களே! கடனை எழுதி வையுங்கள், எழுதுபவர் நீதியோடு எழுதட்டும் என்று கட்டளையிடுவது குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282). கடைக் கணக்குக்கு நல்ல கணக்கப்பிள்ளையைத் தேடுகிற நீங்கள், சமுதாயக் கணக்குக்கு ஒருவரை உருவாக்குங்கள். மஹல்லாவுக்கு ஒரு பிள்ளை. பிளஸ் டூ முடித்ததும் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பு. விழுப்புரத்தில் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. கிளாட் தேர்வில் வென்றால் திருச்சி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் இருக்கிறது. படிப்பு முடிந்ததும் கறுப்புக் கோட்டோடு நிறுத்தாதீர்கள். ஆராய்ச்சிக்கும் சட்ட வரைவுப் பயிற்சிக்கும் டெல்லிக்கு அனுப்புங்கள். சம்பாத்தியம் தாமதமாகும், அந்தச் சில ஆண்டுகளை நீங்கள் தாங்க வேண்டும்.

இளைஞர்களே! மத்திய அரசின் வரைவுச் சட்டங்களை 30 நாளாவது மக்கள் கருத்துக்கு வைக்க வேண்டும் என்பது 2014 முதல் உள்ள கொள்கை. பல நேரம் அது பின்பற்றப்படுவதில்லை. பின்பற்றப்படும்போது அந்த 30 நாளில் நாம் படித்தோமா? வெள்ளிமலைக்கு ஏறிச் சென்று அந்த மக்களுக்கும் மனு எழுதிக் கொடுங்கள். பிறருக்காக நீதி எழுதிப் பழகிய கைதான் தனக்காகவும் நேர்மையாக எழுதும்.

முத்தவல்லிமார்களே! வரவு செலவையும் ஆவணத்தையும் ஒழுங்காக வையுங்கள். கணக்குக் காட்டாத மஹல்லாவுக்காக டெல்லியில் எந்த ஆலோசகரும் வாய் திறக்க முடியாது.

போராட்டப் பந்தலை நான் பிரிக்கச் சொல்லவில்லை. அந்தப் பந்தலில் பாய் விரிக்கும் தம்பிகளில் ஒருவரையாவது மேஜைக்கு அனுப்புங்கள் என்கிறேன். அடுத்த சட்டத்தின் வரைவு இன்று எங்கோ எழுதப்பட்டுக் கொண்டிருக்கலாம். அதற்கடுத்ததை எழுதும் இடத்தில் நம் பிள்ளை இருக்கட்டும், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.